போலேரோ கூரையில் விளக்கு மாட்ட நாமே செய்யும் குறுக்குக் கம்பி: என்ன பைப் போடலாம், எப்படிப் பிடிப்பது?

தோப்புவண்டி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ஊர் பொள்ளாச்சி பக்கம். வண்டி பழைய போலேரோ. எஸ்டேட்களில் பம்பு, மோட்டார் பழுது பார்ப்பது என் தொழில். வாரத்தில் இரண்டு நாளாவது வால்பாறை ஏறி இறங்குவேன். மற்ற நாள்களில் எங்கள் தென்னந்தோப்பு வேலை.

கூரையின் முன்பக்கம் குறுக்காக ஒரு கம்பி போட்டு நான்கு எல்.இ.டி. விளக்கு மாட்டலாம் என்று இருக்கிறேன். காரணம் இரண்டு. ஒன்று, வால்பாறை போகிற மலைப்பாதையில் கவர்க்கல் பக்கம் மூடுபனி இறங்கினால் பத்தடி தூரம்கூடத் தெரிவதில்லை. இரண்டு, தோப்பில் காய் ஏற்றும்போது இருட்டிவிடுகிறது, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் சும்மா நிற்க வேண்டியிருக்கிறது.

கடையில் விற்கும் கேரியர் எனக்குத் தேவையில்லை. அதன் எடையும் வேண்டாம், விலையும் வேண்டாம். வீட்டில் ஒரு இஞ்ச் ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்பு பைப்) இரண்டு துண்டு கிடக்கிறது. அதையே வெட்டி, இரண்டு பக்கமும் கிளாம்ப் வைத்து, கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் வடிகிற விளிம்பில் பிடிக்கலாமா? கூரையில் ஓட்டை போடுவதாக இல்லை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

லேத்பட்டறை எழுதியது:

தம்பி, கூரையில் ஓட்டை போட வேண்டாம் என்று முடிவு செய்தீர்களே, பாதி வேலை அங்கேயே முடிந்தது. ஓட்டை போட்ட வண்டிகள் இரண்டு மழைக்காலம் கழித்து உள்கூரைத் துணி நனைந்து, துரு ஏறி என் பட்டறைக்கு வந்திருக்கின்றன. பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கும்.

ஜி.ஐ. பைப்பை விட்டுவிடுங்கள். பற்றவைத்தால் துத்தநாகப் பூச்சு எரிந்து வெள்ளைப் புகை வரும். அதை இழுத்துவிட்டால் அன்று இரவே குளிரும் காய்ச்சலும் வரும், எனக்கே வந்திருக்கிறது. இன்னொன்று, உருண்டை பைப்பில் விளக்கின் காலைப் பிடித்தால் குழியில் இறங்கி ஏற ஏற அது மெல்லச் சுற்றிக்கொண்டு போகும். ரோட்டைப் பார்த்த விளக்கு ஒரு மாதத்தில் வானத்தைப் பார்க்கும்.

25-க்கு 25 மி.மீ. எம்.எஸ். (பூச்சு இல்லாத சாதா இரும்பு) சதுர பைப், 2 மி.மீ. கனம், வாங்குங்கள். மீட்டருக்கு ஏறக்குறைய 1.45 கிலோ வரும். கடையில் 20 அடி நீளத்தில் வரும், ஒரு நீளம் வாங்கினால் உங்கள் வேலைக்குப் போதும்.

ஆனால் பைப்பைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், அதைக் கூரை விளிம்பில் பிடித்து நிறுத்தும் காலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பைப் நன்றாகத்தான் நிற்கும். விடுவது கால்தான். கால் எப்படி இருக்க வேண்டும் என்றால், 5 மி.மீ. பட்டையை வளைத்து அதன் அடிப்பகுதி மழைத்தண்ணீர் விளிம்புக்குள் உட்கார வேண்டும். இன்னொரு பட்டை கொக்கி மாதிரி வளைந்து விளிம்பின் கீழ் உதட்டைப் பிடிக்க வேண்டும். இந்தப் பட்டைகளை இரண்டு 8 மி.மீ. போல்ட் ஒன்றை நோக்கி ஒன்று இழுக்க வேண்டும். கால் விளிம்பில் உட்காரும் நீளம் குறைந்தது 70 மி.மீ. இருக்கட்டும். இரண்டு விரல் அகலத்தில் கால் வைத்தால் பாரம் முழுக்க ஒரே இடத்தில் இறங்கி விளிம்பு நெளிந்துவிடும். அந்த விளிம்பு மெல்லிய தகடுதான், அதை மறந்துவிடாதீர்கள்.

இன்னொரு விஷயம், கம்பி ஒன்று போதாது. முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று போட்டு இரண்டையும் நீளவாக்கில் இரண்டு துண்டால் இணைத்துவிடுங்கள். ஒற்றைக் கம்பி இரண்டு காலில் நின்றால் பிரேக் அடிக்கும்போதெல்லாம் முன்னால் சாயப் பார்க்கும். நாலு கால் கட்டில் மாதிரி இருந்தால் அசையாது.

மூடுபனி40 எழுதியது:

நான் வால்பாறையிலேயே இருப்பவன். ஆழியாறிலிருந்து மேலே நாற்பது கொண்டை ஊசி வளைவு, எனக்கு ஒவ்வொன்றும் மனப்பாடம். அந்த உரிமையில் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். மூடுபனிக்காகக் கூரை விளக்கு போடாதீர்கள். போட்டால் இப்போது தெரிகிற பத்தடியும் தெரியாது.

பனி என்பது சின்னச் சின்ன நீர்த்துளிகள். விளக்கின் ஒளி அதில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வருகிறது. விளக்கு நம் கண்ணுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு அதிகமாகத் திரும்பும். போலேரோவின் உயரம் 1.88 மீட்டர். கூரை விளக்கு உங்கள் கண்ணுக்கு ஐம்பது சென்டிமீட்டர் மேலே இருக்கும், அவ்வளவுதான். அங்கிருந்து அடித்தால் முன்னால் வெள்ளைச் சுவர்தான் நிற்கும். ஹை பீம் போட்டாலே பனியில் கண் கூசுகிறதே, அதைப்போல நாலு மடங்கு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பனி விளக்கைப் பம்பரில் கீழே வைப்பதற்குக் காரணம் இதுதான். ஒளி தட்டையாக, அகலமாக, தரையோடு ஒட்டிப் போக வேண்டும். ரோட்டின் ஓர வெள்ளைக்கோடும் தடுப்புச்சுவரின் அடியும் தெரிந்தால் போதும், 20 கி.மீ. வேகத்தில் வந்துவிடலாம். மஞ்சள் கண்ணாடி போட்டால் பனியைத் துளைக்கும் என்பார்கள். பனித்துளி ஒளி அலையைவிடப் பல மடங்கு பெரியது, அதனால் எந்த நிறமாக இருந்தாலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் சிதறும். மஞ்சள் கண்ணுக்குக் கொஞ்சம் இதமாக இருக்கலாம், அவ்வளவே.

அப்புறம், இது ஆனைமலைக் காடு. ரோட்டோரம் வரையாடு நிற்கும், எஸ்டேட் பாதையில் யானை நிற்கும். யானை நடமாட்டம் இருந்தால் தெரிவதற்காக எங்கள் ஊர் எஸ்டேட் பகுதிகளில் உயரத்தில் சிவப்பு விளக்கு வைத்திருக்கிறார்கள், செல்போனிலிருந்தே எரிய வைக்கலாம். அந்தச் சிவப்பு தூரத்திலிருந்தே கண்ணில் பட வேண்டும். முன்னால் வெள்ளைச் சுவரை எழுப்பிக்கொண்டு போனால் அது தெரியாது. யானையின் முகத்தில் நாலு விளக்கு அடித்தால் அது என்ன செய்யும் என்பதையும் யோசியுங்கள். தயவுசெய்து கேட்டுக்கொள்கிறேன்.

தோப்புவண்டி எழுதியது:

அண்ணா, கோபமெல்லாம் இல்லை. ஆனால் முழுசாக ஒத்துக்கொள்ளவும் மனசு வரவில்லை. போன வாரம் கூரையில் விளக்கு வைத்த ஜீப் ஒன்று எனக்கு முன்னால் போனது, அதன் பின்னாலேயே நான் சுலபமாக இறங்கி வந்தேன். ரோடு நன்றாகத் தெரிந்ததே?

மூடுபனி40 எழுதியது:

தெரிந்திருக்கும். நீங்கள் அந்த ஜீப்பின் பின் விளக்கைப் பார்த்துக்கொண்டு வந்தீர்கள். சிதறுகிற ஒளி அந்த ஓட்டுநரின் கண்ணுக்குத்தான் திரும்பியிருக்கும், உங்களுக்கு இல்லை. அவரிடம் கேட்டால்தான் கதை தெரியும்.

நம்பிக்கை வரவில்லை என்றால் ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை கவர்க்கலில் பனி இருக்கும்போது வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். ஒரு நல்ல டார்ச்சை நெற்றிக்கு நேராகப் பிடித்து அடியுங்கள். அப்புறம் அதே டார்ச்சை முழங்காலுக்குக் கீழே இறக்கி அடியுங்கள். ஒரு நிமிட வேலைதான்.

ரிலே87 எழுதியது:

விளக்கு எங்கே என்பதை அண்ணன்மார் பேசட்டும், நான் ஒயரிங் சொல்லிவிடுகிறேன். வண்டி தீப்பிடிப்பது இங்கேதான் ஆரம்பிக்கிறது.

18 வாட் எல்.இ.டி. நான்கு என்றால் 72 வாட், 12 வோல்ட்டில் 6 ஆம்பியர். இதுவே 55 வாட் ஹாலஜன் நான்கு என்றால் 18 ஆம்பியருக்கு மேல் போகும். எல்.இ.டி. போடுங்கள். 2.5 ஸ்கொயர் மி.மீ. ஒயர், 10 ஆம்பியர் ஃபியூஸ். ஃபியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். பலர் விளக்குக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். இடையில் எங்காவது ஒயர் உரசித் தகடில் பட்டால் அந்த ஃபியூஸ் எதையும் காப்பாற்றாது.

நடுவில் ஒரு ரிலே வையுங்கள், சின்ன மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச் அது. அதன் கால்களில் எண் இருக்கும்: 30 ஃபியூஸ் வழியாகப் பேட்டரிக்கு, 87 விளக்குக்கு, 86 டேஷ்போர்டு சுவிட்சுக்கு, 85 எர்த். சுவிட்ச் ஒயரில் ஓடுவது ரிலேயின் சின்ன மின்னோட்டம்தான், அதனால் சுவிட்ச் சூடாகாது. ஹெட்லைட் ஒயரைக் கீறி அதிலிருந்து இழுக்கவே இழுக்காதீர்கள்.

கூரையிலிருந்து ஒயரைக் கீழே கொண்டுவர அந்த மழைத்தண்ணீர் விளிம்பின் பள்ளமே போதும். பள்ளத்தோடு ஒட்டி வந்து, முன் கண்ணாடி ஓரமாக இறங்கி, பானெட்டுக்குள் போகும் இடத்தில் ஒயரை ஒரு வளைவு தொங்க விடுங்கள். மழைத்தண்ணீர் ஒயர் வழியாக இறங்கி அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், ரிலேவரை போகாது.

ஜிம்னிக்காரன் எழுதியது:

ரிலே அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். என் ஜிம்னியிலும் பழைய ஜீப் மாதிரி மழைத்தண்ணீர் விளிம்பு இருக்கிறது, அதனால் நானும் கிளாம்ப் கால்தான் போட்டேன். ஆனால் இதில் ஆறு ஏர்பேக். கூரை ஓரத்திலும் ஏர்பேக் மடித்து வைத்திருக்கிறார்கள். புது வண்டிக்காரர்கள் யாரும் ஒயரை உள்பக்கத் தூண் வழியாக இழுக்க வேண்டாம். ஏர்பேக் விரியும் வழியில் ஒயர் கிடக்கக் கூடாது.

என் அனுபவம் ஒன்று. நான் அலுமினிய பைப் போட்டேன். கையில் எடுத்தால் எடையே இல்லை, சந்தோஷமாக இருந்தது. இரண்டு விளக்கையும் நடுவில் பக்கம் பக்கமாக வைத்தேன். கரடு ரோட்டில் போனால் ஒளி நடுங்குகிறது. பத்து நிமிடத்தில் தலைவலி வந்துவிடும். அதோடு 70 தாண்டினால் ஊ என்று ஒரு சத்தம், வீட்டம்மா வண்டியில் ஏற மாட்டேன் என்கிறார். இரண்டுக்கும் வழி என்ன?

லேத்பட்டறை எழுதியது:

ஜிம்னி தம்பி, அலுமினியத்தின் எடை இரும்பில் மூன்றில் ஒரு பங்கு. விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான். அதே அளவு பைப்பை அலுமினியத்தில் போட்டால் மூன்று மடங்கு வளையும். அலுமினியம்தான் வேண்டும் என்றால் உயரம் கூடின பைப் எடுக்க வேண்டும், 40-க்கு 20 வாங்கி 40 பக்கத்தை நிமிர்த்தி வையுங்கள். காசு செலவழிக்காமல் முதலில் ஒன்று செய்து பாருங்கள். விளக்குகளை நடுவிலிருந்து எடுத்துக் கால்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். பைப் ஆடுவது நடுவில்தான், காலுக்குப் பக்கத்தில் அசைவே இருக்காது. பெரும்பாலும் நடுக்கம் அதிலேயே போய்விடும்.

சத்தத்துக்கு இரண்டு காரணம். முதலில் பைப்பின் முனை திறந்திருக்கிறதா பாருங்கள். திறந்திருந்தால் அது புல்லாங்குழல்தான். விளக்குக்கு அடித்துவிட்டு இப்போது சும்மா இருக்கும் ஓட்டைகளும் அப்படியே. ரப்பர் மூடி போடுங்கள். அதற்கும் மேல் ஒலித்தால் அது பைப்பின் பின்னால் காற்று மாறி மாறிச் சுழல்வதால் வருவது. வேகம் கூடக் கூடச் சுருதி ஏறுகிறதா? அப்படியென்றால் அதுதான். நைலான் கயிற்றைப் பைப் மேல் இடைவெளி விட்டுத் திருகாணி மரை மாதிரி சுற்றி இரண்டு முனையிலும் கட்டிவிடுங்கள். உயரமான புகைபோக்கிகளின் உச்சியில் பட்டை சுற்றிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் இதே காரணத்துக்குத்தான்.

தோப்புவண்டி எழுதியது:

டார்ச் சோதனை செய்துவிட்டேன். மூடுபனி அண்ணா, நீங்கள் சொன்னது சரி. நெற்றிக்கு நேராகப் பிடித்தபோது என் கைகூடத் தெரியவில்லை, வெறும் வெள்ளை. கீழே இறக்கியதும் ஓரக்கோடு தெரிந்தது. என் பம்பரில் பனி விளக்குக்கு இடம் இருக்கிறது, அதில் விளக்கு போட்டுவிடுகிறேன். கூரைக் கம்பி தோப்பு வேலைக்கு மட்டும். முன்னால் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று, பின்னால் ஒன்று என்று பிரித்து வைக்கப் போகிறேன். காய் ஏற்றுவது பின்னால்தானே.

போலீஸ், ஆர்.டி.ஓ. பிரச்சினை வருமா?

மூடுபனி40 எழுதியது:

வரலாம், அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம்வரை சிறை என்று இருக்கிறது. 2017 கடைசியில் புல் பாரை, அதாவது பம்பருக்கு முன்னால் போடும் இரும்புக் கம்பியை, தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு மத்திய அரசு எழுதியது நினைவிருக்கும்.

அதனால் என் யோசனை, ரோட்டுக்கு வரும்போது கூரையில் ஒன்றும் இருக்கக் கூடாது. உங்கள் கம்பி நாலு காலுக்கும் சேர்த்து எட்டு போல்ட்டில்தான் நிற்கப் போகிறது. கழற்ற எவ்வளவு நேரம் ஆகிவிடும்? தோப்பில் மாட்டுங்கள், தோப்பிலேயே கழற்றி வையுங்கள். எதிரே பைக்கில் வருகிறவன் ஒரு நொடி கண் கூசித் தடுப்புச்சுவரில் மோதினால் அதற்கு எந்த அபராதமும் ஈடாகாது.

ரிலே87 எழுதியது:

கழற்றுவது என்றால் ஒயரில் தண்ணீர் புகாத கனெக்டர் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். கழற்றியபின் வண்டிப் பக்கத்து முனைக்கு மூடி வேண்டும். மின்சாரம் வரும் முனை குழிவான பக்கமாக இருக்கட்டும், ஊசி பக்கமாக இருந்தால் தகடில் பட்டு ஃபியூஸ் போகும்.

தோப்புவண்டி எழுதியது:

மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். செய்து முடித்துவிட்டேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் அட்டையில் கால் வெட்டிப் பார்த்தேன். நல்ல வேளை. கூரை நடுவில் எவ்வளவு மேடாக இருக்கிறது என்று நான் கவனித்ததே இல்லை. ஓரத்தில் 60 மி.மீ. உயரம் போதும் என்று நினைத்தேன். அட்டைக் காலை நிறுத்தி நூல் கட்டிப் பார்த்தால் நடுவில் நூல் கூரையைத் தொடுகிறது. கடைசியில் காலின் உயரம் 110 மி.மீ. ஆயிற்று. நேராக இரும்பில் இறங்கியிருந்தால் எல்லாம் வீண்.

பற்றவைப்பது எங்கள் ஊர்ப் பட்டறையில். அவர் வண்டியின் மேலேயே வைத்துப் பற்றவைக்கலாம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை, கண்ணாடியில் பொறி பட்டால் புள்ளி விழும். கால்களை விளிம்பில் பிடித்து, பைப்பை மேலே வைத்து, மார்க்கரில் கோடு போட்டுக்கொண்டு, கழற்றித் தரையில் வைத்துப் பற்றவைத்தோம். முதலில் நாலு மூலையிலும் ஒரு புள்ளி மட்டும் வைத்து, மறுபடி வண்டியில் ஏற்றிப் பார்த்தோம். ஒரு கால் 4 மி.மீ. தூக்கியிருந்தது. தட்டிச் சரி செய்தபின் முழுசாகப் பற்றவைத்தார். அந்த இரண்டாவது சோதனையை யாரும் விட்டுவிடாதீர்கள்.

ரெட் ஆக்சைடு இரண்டு கை, மேலே கறுப்பு எனாமல். பைப் முனைகளைத் தகடு வைத்து அடைத்துவிட்டோம். அடியில் மட்டும் 3 மி.மீ. துளை ஒன்று, உள்ளே வேர்க்கும் தண்ணீர் வெளியே போக. காலுக்கும் விளிம்புக்கும் நடுவே பழைய லாரி ட்யூப் ரப்பர். மொத்த எடை விளக்கோடு 11 கிலோ. பைப், பட்டை, போல்ட், கூலி எல்லாம் சேர்த்து, விளக்கு நீங்கலாக, 1,900 ரூபாய்.

இப்போது நான் கண்டுபிடித்த ஒன்று. முன் விளக்கு இரண்டையும் முதலில் கூரையின் முன் விளிம்பிலேயே வைத்தேன். எரிய விட்டால் பானெட் முழுக்கப் பளபளவென்று மின்னுகிறது, அதற்கு அப்பால் இருப்பது எதுவும் கண்ணில் ஏறவில்லை. பானெட்டில் படும் ஒளியை எப்படித் தடுப்பது என்று யோசித்துக் கம்பியை 40 செ.மீ. பின்னால் தள்ளினேன். விளக்கு கூரையிலிருந்து 12 செ.மீ. உயரம். பின்னால் போனதும் கூரையின் முன் ஓரமே கீழே இறங்கும் ஒளியை வெட்டிவிட்டது. பானெட் இருட்டாகிவிட்டது, தூரம் தெளிவாகத் தெரிகிறது. விளக்கின் நடுவிலிருந்து ஒரு நூலைக் கூரை ஓரத்தைத் தொட்டு இழுத்தால் அது பானெட்டின் முன்முனைக்கு மேலே போக வேண்டும். அதுதான் கணக்கு.

நேற்று இரவு எட்டரைக்குக் காய் ஏற்றினோம். பின் விளக்கைக் கொஞ்சம் கீழே பார்க்க வைத்தேன், ஏற்றுகிறவர்களின் கண்ணில் அடிக்கவில்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் டார்ச்சை எடுத்து வீட்டுக்குள் வைத்துவிட்டார்.

பம்பர் பனி விளக்கோடு இரண்டு முறை மலை ஏறிவிட்டேன். கவர்க்கலில் ஓரக்கோடு விடாமல் தெரிகிறது. கம்பி தோப்புக் கொட்டகையில்தான் இருக்கிறது, கழற்ற பன்னிரண்டு நிமிடம்.

லேத்பட்டறை எழுதியது:

அருமை தம்பி. இரண்டு முறை வைத்துப் பார்த்தீர்கள் பாருங்கள், அதுதான் வேலை. போல்ட்டை முதல் 50 கி.மீ. கழித்து ஒருமுறை இறுக்கினீர்களா? ரப்பர் அமுங்கி இடம் விட்டிருக்கும். தானாகக் கழலாதபடி உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டாக இருந்தாலும் இந்த இடைவெளியை அது ஈடு செய்யாது.

தோப்புவண்டி எழுதியது:

தோப்புக்குள் மட்டும் ஓடுவதால் ஐம்பது எங்கே வந்தது அண்ணா. உங்கள் பதிவைப் பார்த்ததும் போய்ப் பார்த்தேன். எட்டு போல்ட்டில் மூன்று, கால் சுற்று இறங்கின. மாட்டும் ஒவ்வொரு முறையும் அரைமணி கழித்து இன்னொரு முறை இறுக்குவது என்று வைத்துக்கொள்கிறேன்.

ஜிம்னிக்காரன் எழுதியது:

விளக்கைக் காலுக்குப் பக்கத்தில் மாற்றிவிட்டேன், நடுக்கம் போய்விட்டது. கயிறு சுற்றியதில் சத்தமும் ஏறக்குறைய இல்லை. 90-ல் மட்டும் லேசாக ஒரு முனகல். தோப்புவண்டி, உங்கள் காலின் அட்டை வார்ப்பை அளவோடு ஒரு படம் எடுத்துப் போட முடியுமா? அடுத்து இரும்பில் செய்யலாம் என்று இருக்கிறேன்.

தோப்புவண்டி எழுதியது:

அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நாளை காலை வெளிச்சத்தில் அளவுகோலை வைத்து எடுத்துப் போடுகிறேன். ஆனால் உயரத்தை என்னுடையதிலிருந்து எடுக்காதீர்கள், உங்கள் கூரைக்கு நூல் கட்டிப் பாருங்கள்.